சுங்கை காடுட்டில் பலகை தேடி

கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்தில் இறங்குபவர்கள் ஒரு காலத்தில் இரண்டு காரணங்களுக்காக மட்டுமே இறங்குவார்கள் என்று அப்பா சொல்வார். ஒன்று குதிரைப் பந்தயம், மற்றொன்று வேலை. 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தபின் முதல் காரணம் இல்லாமல் போயிற்று. இரண்டாவது காரணம் இன்னும் இருக்கிறது. நிலையத்திலிருந்து சிறிது தூரம் போனால் சாலையோரக் கடைகள் மறைந்து, கனரக லாரிகளின் சத்தம் தொடங்குகிறது. அதைத் தாண்டினால் மூக்குக்கு முதலில் தெரிவது மரத்தூள் வாசம். அதுதான் சுங்கை காடுட்.

சிங்கப்பூரின் பழைய தொழிற்பேட்டைகளில் ஒன்று இது. மர ஆலைகள், அறைகலன் பட்டறைகள், பலகைக் கிடங்குகள் என்று மரத்தை நம்பி வாழும் தொழில்கள் இங்கே வரிசையாக இருக்கின்றன. தெருக்களுக்குப் பெயர்கூடச் சிக்கனம்தான்: சுங்கை காடுட் தெரு 1, தெரு 2, தெரு 3 என்று எண்கள். கூகல் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பதைவிட, முன்னால் போகும் பலகை லாரியைப் பின்தொடர்வது எளிது.

சுற்றுலா வழிகாட்டிகளில் இந்த இடத்துக்கு இடமில்லை. ஆனாலும் கையால் ஏதாவது செய்து பார்க்கும் ஆசை உள்ளவர்கள், குறிப்பாக ஸ்க்ரோல் சா வைத்து மரத்தில் பூவேலை வெட்டுபவர்கள், ஒரு முறையாவது வந்து பார்க்க வேண்டிய இடம். நான் வந்தது அதற்காகத்தான். என்னோடு 71 வயது அப்பாவும் வந்தார்.

இரண்டு கதவுகள்

எங்கள் ஈசூன் வீட்டில் ஒரு சாமி மேடை உண்டு. 1989ல் அப்பா கையாலேயே செய்தது. சட்டம் கெட்டியான மரம். முன்னால் இரண்டு சிறிய கதவுகள், ஒவ்வொன்றிலும் தோகை விரித்த ஒரு மயில். எலும்புக்கூடு போன்ற சட்டத்தில் மெல்லிய கம்பி பிளேடு மாட்டிய கைவாளால், நான்கு மாத இரவுகளில் அறுத்தது என்று அம்மா சொல்வார். முப்பத்தைந்து ஆண்டு சாம்பிராணிப் புகையும் இந்த ஊரின் ஈரமும் சேர்ந்து, இடதுபக்கக் கதவின் அடுக்குகள் பிரியத் தொடங்கிவிட்டன. மயிலின் தோகையில் பாதி உதிர்ந்துவிட்டது.

தம்பிக்குத் தெங்காவில் புதுவீடு கிடைத்திருக்கிறது. சாமி மேடை அங்கே போக வேண்டும் என்பது அம்மாவின் முடிவு. கதவை மட்டும் அக்ரிலிக்கில் லேசரால் வெட்டி வாங்கிவிடலாம், மூன்று நாளில் வந்துவிடும் என்றான் தம்பி. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு பழைய கதவின் மேல் டிரேசிங் தாளை வைத்து மயிலை நகலெடுக்க உட்கார்ந்தார். கை நடுக்கம் வந்த பிறகு அவருக்குக் கோடு நேராக வருவதில்லை. பென்சில் நழுவ நழுவ, அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“நான் வெட்டுறேன்பா. மிஷின்தான் இருக்கே,” என்றேன்.

இரண்டு ஆண்டுகளாக என்னிடம் ஒரு ஸ்க்ரோல் சா இருக்கிறது. பார்க்கத் தையல் இயந்திரம் போல இருக்கும். ஊசிக்குப் பதில் ஐந்து அங்குல பிளேடு மேலும் கீழும் ஓடும், துணிக்குப் பதில் பலகையை நாம் நகர்த்துவோம். அலுவலகக் கணினியை மூடிவிட்டு வந்தபின் பெயர்ப்பலகை, சாவிக்கொத்து, கோல வடிவம் என்று சின்னச் சின்னதாக வெட்டிக்கொண்டிருந்தேன். மயில் அப்படியல்ல. ஒரு கதவில் நூற்றுக்கும் மேற்பட்ட துளைகள். கழுத்து ஓரிடத்தில் ஒரு விரல்கூட அகலம் இல்லை. பலகை சரியில்லையென்றால் நூறாவது துளையில் கழுத்து முறியும், அதற்கு முன் செய்த வேலை எல்லாம் போகும்.

“பலகையை நான் பாக்குறேன்,” என்றார் அப்பா.

லாரி ஓட்டியவரின் ஊர்

அப்பா 1979ல் ஒரு மரக்கடையில் லாரி ஓட்டுநராகச் சேர்ந்தவர். சுங்கை காடுட்டில் எந்த முனையில் திரும்பினால் எந்தக் கிடங்கு வரும் என்பது அவருக்கு அத்துப்படி. ஆனால் பல முனைகளில் இன்று வேறு ஏதோ நிற்கிறது.

“இங்க ஒரு ரயில் கேட் இருந்துச்சு. கேட் மூடிட்டா பத்து லாரி வரிசையா நிக்கும். சூடா ஒரு கோப்பி குடிச்சிட்டே வந்துடலாம்,” என்று கிராஞ்சிச் சாலையைக் காட்டினார். மலாயா ரயில் தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஓடிய காலம் அது. 2011 ஜூன் 30ஆம் தேதியோடு அந்தத் தண்டவாளம் ஓய்ந்தது. இப்போது அந்தப் பாதை நடைபயில்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் உரியது.

மரத்தொழில் இங்கே வந்த கதையும் நகர்ந்த கதைதான். முன்பு காலாங் ஆற்றோரம் மர ஆலைகள் இருந்தன. மரக்கட்டைகள் நீரில் மிதந்து வரும். பின்னர் ஆலைகள் வடக்கே நகர்ந்தன. 1977 முதல் 1987 வரை சிங்கப்பூர் ஆறும் காலாங் படுகையும் தூய்மை செய்யப்பட்டபோது ஆற்றோரத் தொழில்களின் காலம் முடிந்தது. ஒட்டுப்பலகை ஆலைகள் ஜூரோங்கில்கூட இருந்தன. இந்தோனீசியாவும் தீபகற்ப மலேசியாவும் 1985ல் மரக்கட்டை ஏற்றுமதியைத் தடை செய்தன. கட்டையாக அனுப்பினால் லாபம் வெளியே போகிறது, நாமே பலகையாக்கி விற்போம் என்பது அவர்களின் கணக்கு. கட்டை வரத்துக் குறைந்தால் இங்கே ஆலை எதற்கு? பலகை தயாராகவே கப்பலில் வரத் தொடங்கியது.

அடுத்த மாற்றமும் தொடங்கிவிட்டது. சுங்கை காடுட்டைச் சுற்றுச்சூழலுக்கு உகந்த தொழில் வட்டாரமாக மாற்றும் திட்டத்தை ஜேடிசி 2020ல் அறிவித்தது. ஏறத்தாழ 500 ஹெக்டர் நிலம். வேளாண் உணவுத் தொழில்நுட்ப நிறுவனங்கள் வருகின்றன. 2035 வாக்கில் சுங்கை காடுட்டுக்கே ஓர் எம்ஆர்டி நிலையமும் வரும். நாங்கள் நடந்த தெருவிலேயே ஒரு பக்கம் தகரக் கூரைக் கிடங்கு, எதிரே வேலியடைத்த வெறும் நிலம். வேலியின் இடுக்கு வழியே அப்பா சிறிது நேரம் எட்டிப் பார்த்தார். அங்கே என்ன இருந்தது என்று நான் கேட்டேன். “ஒண்ணும் இல்ல. நம்ம லாரி நிக்கும்,” என்றார்.

முதல் கடை: சிவப்புப் பலகை

முதல் கடையில் எங்களுக்குக் காட்டியது மெராந்தி முகம் கொண்ட ஒட்டுப்பலகை. வீட்டுச் சீரமைப்பில் நாம் அன்றாடம் பார்ப்பது இதுதான். 4 அடிக்கு 8 அடி, இளஞ்சிவப்பு நிறம், விலையும் குறைவு. அப்பாவின் பழைய கதவும் இதே இனம். முகம் மலர்ந்தது அவருக்கு. “இதுதான்மா. கலர் அப்படியே சேரும்.”

ஒட்டுப்பலகை என்பது, மரக்கட்டையைச் சுழலவிட்டு, பென்சில் சீவுவதுபோல மெல்லிய படலமாக உரித்து, அந்தப் படலங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பசையிட்டுச் சூட்டில் அழுத்துவது. ஒரு படலத்தின் நார் நீளவாக்கில் ஓடினால் அடுத்ததன் நார் குறுக்கே ஓடும். அதனால்தான் சாதாரணப் பலகைபோல அது எளிதில் பிளப்பதில்லை. அடுக்குகள் பெரும்பாலும் 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் இருக்கும். நடு அடுக்கின் இரு பக்கமும் சமமாக இழுத்தால்தான் பலகை வளையாது.

இந்தச் சிவப்புப் பலகையில் சிக்கல் இரண்டு. முகப் படலம் இப்போதெல்லாம் மிக மெல்லியது, உப்புத்தாளை நான்கு முறை இழுத்தால் அடியிலுள்ள வேறு நிறம் எட்டிப் பார்க்கும். உள்ளே இருக்கும் படலங்களோ ஒரே மரமாக இருக்க வேண்டும் என்பதில்லை. சில இடங்களில் இரண்டு துண்டுப் படலங்கள் சந்திக்கும் இடத்தில் இடைவெளி விழுந்திருக்கும். அலமாரியின் பின்பலகைக்கு அது பெரிய குறையல்ல. பூவேலைக்கு அதுதான் எமன். பிளேடு அந்த இடைவெளிக்குள் நுழைந்ததும் துள்ளும், மேலே இருக்கும் மெல்லிய கிளைக்குத் தாங்க ஒன்றும் இல்லாததால் அது உடையும்.

நான் வெர்னியர் கருவியை எடுத்து ஓரத்தை அளந்தேன். 6 மி.மீ. என்று சொன்ன பலகை 5.2 மி.மீ. இருந்தது. இது ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். இந்த வகைப் பலகையில் பெயருக்குச் சொல்லும் கனமும் உண்மைக் கனமும் வேறாக இருப்பது வழக்கம், 3 மி.மீ. என்பது 2.7 ஆக இருப்பதும் உண்டு. ஆனால் எங்கள் சாமி மேடைக் கதவுச் சட்டத்தின் காடி கால் அங்குலம். 5.2 பலகை அதில் ஆடும்.

அப்பா அளவைப் பார்த்தார். பலகையின் மேல் ஐம்பது காசு நாணயத்தால் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக், டொக். நின்றார். அதே இடத்தில் மறுபடி தட்டினார்.

கடைக்காரரும் காதைச் சாய்த்தார். அறுபதைத் தாண்டிய சீனத் தௌகே. இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: “கோசோங்.”

தேநீரில் சீனி வேண்டாம் என்பதற்கு நாம் சொல்லும் அதே கோசோங். உள்ளே காலி என்று பொருள். தௌகே சிரித்துவிட்டார். பிறகு இருவரும் பழைய பஸார் மலாயில் பேசத் தொடங்கினார்கள். யார் எந்தக் கடையில் இருந்தார்கள், எந்தக் கடை மூடியது, யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று கால் மணி நேரம் போனது. “பூவேலைக்கு இது வேண்டாம், தெரு முனையில் பார்,” என்று அவரே கை காட்டினார். தன் கடையில் விற்க வேண்டிய ஒன்றை விற்காமல் அனுப்பினார். இந்த ஊரில் இப்படி ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இரண்டாவது கடை: மரைன் என்ற பெயர்

இரண்டாவது கடையில் “மரைன்” பலகை காட்டினார்கள். ஈரம் தாங்கும், சாமி மேடைக்குப் பொருத்தம் என்றார் இளைஞர் ஒருவர். படகு கட்டுவதற்கான உண்மையான மரைன் பலகை மிக நல்லது. பிரிட்டனின் BS 1088 தரப்படி செய்ததென்றால், கொதிநீரிலும் பிரியாத பசையும் பொத்தல் இல்லாத உள்ளடுக்கும் இருக்கும். ஆனால் கடைப் பேச்சில் “மரைன்” என்பது பல நேரம் “தண்ணீர் தாங்கும் பசை” என்ற அளவில்தான் பொருள்படும். பசை நல்லது என்பதாலேயே உள்ளடுக்கு நல்லதாகிவிடாது. முத்திரை இருக்கிறதா என்று கேட்டோம். அவர் நேர்மையாக இல்லை என்றார்.

ஓரத்தைப் பார்த்தோம். ஓரிடத்தில் கருப்பாக ஒரு கோடு. உள்ளே குச்சி நுழைந்தது.

பசையைப் பற்றி இன்னொரு செய்தி, வீட்டில் குழந்தைகள் இருப்பவர்களுக்கு. பலகைப் பசைகளில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். புதுப் பலகையைப் பிரித்ததும் கண் எரிவது அதனால்தான். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. E1, E0 என்ற குறியீடுகள் பலகை எவ்வளவு குறைவாக அதை வெளியிடுகிறது என்பதைக் காட்டும், E0 இன்னும் குறைவு. ஜப்பானிய முறையில் F எழுத்தோடு நான்கு நட்சத்திரம் என்றால் மிகக் குறைவு. சரவாக் ஆலைகள் நெடுங்காலமாக ஜப்பானுக்குப் பலகை அனுப்புவதால் இந்தக் குறியீடு இங்கேயும் கண்ணில் படும். கேட்டு வாங்குங்கள். அதைவிட முக்கியம், வெட்டும்போது முகக்கவசம். துணிக் கவசம் போதாது, என்95 வேண்டும்.

மூன்றாவது கடை: வெளிர் பலகை

மூன்றாவது கடையின் உள்மூலையில், மற்றவை நிமிர்ந்து சாய்ந்திருக்க, ஓர் அடுக்கு மட்டும் தரையில் தட்டையாகப் படுத்திருந்தது. எனக்கு அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மெல்லிய பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தால் இந்த ஊர்க் காற்றில் வில்லாக வளையும். சிங்கப்பூரின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல். படுக்கவைத்து விற்கும் கடைக்குப் பலகையின் அருமை தெரிந்திருக்கிறது.

அது பிர்ச் மரப் பலகை. ஸ்க்ரோல் சா வைத்திருப்பவர்கள் உலகெங்கும் தேடுவது இதைத்தான். குளிர்நாட்டு மரம். பின்லாந்து, லாட்வியா, ரஷ்யா ஆகிய நாடுகளிலிருந்து வருவது. 2022ல் உக்ரேன் போருக்குப் பின் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய மரப்பொருள்களுக்குத் தடை விதித்தபின் இதன் வரத்தும் விலையும் முன்புபோல் இல்லை. மூலைத்தெரு மரக்கடையின் விலைச்சீட்டுக்கும் உலகச் செய்திக்கும் இவ்வளவு நெருக்கம்.

இதன் சிறப்பு ஓரத்தில்தான் தெரியும். முகம் முதல் நடு வரை எல்லா அடுக்கும் பிர்ச். ஒவ்வொன்றும் ஒன்றரை மி.மீ.க்கும் குறைவான கனம். 3 மி.மீ. பலகையில் 3 அடுக்கு, 6 மி.மீ. பலகையில் 5, 12ல் 9, 18ல் 13. ஓரத்தைப் பார்த்தால் நோட்டுப் புத்தகத்தின் கோடுபோல் சீராக இருக்கும். தரமும் எழுத்தில் இருக்கும். B என்றால் முகம் சுத்தம். BB என்றால் சிறு கணுக்களும், கணுவைத் தோண்டியெடுத்து முட்டை வடிவில் ஒட்டிய ஒட்டுகளும் இருக்கலாம். அதற்கும் கீழே CP, C. ஒரு பக்கம் மட்டுமே வெளியே தெரியும் வேலைக்கு B/BB போதும். BB/BB வாங்கி, ஒட்டு விழாத இடத்தில் படத்தை அமைத்துக்கொண்டால் பணம் மிச்சம்.

நாங்கள் எடுத்தது 5 அடிக்கு 5 அடிப் பலகை. அப்பாவை விட்டுவிட்டு நான் ஒரு பக்கம் தூக்கினேன், கடை ஊழியர் மறுபக்கம். 6 மி.மீ. பலகை ஏறத்தாழ 9 கிலோ கனக்கும். கண்மட்டத்தில் வைத்து ஓரத்தோடு பார்த்தேன், வளைவில்லை. நான்கு ஓரமும் பார்த்தேன், கருங்கோடு இல்லை. அப்பா நாணயத்தோடு வந்தார். மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, வயலில் நாற்று நடுவதுபோல வரிசை வரிசையாகத் தட்டினார். கை நடுங்கியது, நாணயம் இரண்டு முறை கீழே விழுந்தது. காது மட்டும் நடுங்கவில்லை. ஊழியர் பொறுமையாகக் காத்திருந்தார்.

“பாகுஸ்,” என்றார் அப்பா கடைசியில். நல்லது.

பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், “ஆனா வெள்ளையா இருக்கேம்மா. சட்டம் சிவப்பு. மயிலு வெளுத்துப் போன மாதிரி இருக்கும்.”

அதற்குத்தான் தயங்கினேன். சாயம் பூசிச் சிவப்பாக்கலாமா என்றால், பிர்ச் சாயத்தைச் சமமாக உறிஞ்சாது, திட்டுத்திட்டாக நிற்கும். விலையும் முதல் கடைப் பலகையைவிடப் பல மடங்கு. வாழ்நாள் முழுவதும் கடையில் மிஞ்சிய துண்டுகளில் வேலை செய்த மனிதருக்கு, முழுப் பலகையைப் பணம் கொடுத்து வாங்குவதே நெஞ்சை உறுத்துகிறது என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்குக் காணொளி அழைப்புப் போட்டு, பலகையைக் காட்டினேன்.

“ஒட்டு நல்லா இருக்கா?” என்று கேட்டார் அம்மா.

“நல்லா இருக்கு.”

“அப்புறம் என்ன? வெள்ளை மயிலா இருந்துட்டுப் போகட்டும். முருகன் என்ன கலரா பாக்கப் போறாரு?”

வாங்கினோம். கதவின் பின்னால் மறையும் பகுதிக்கு மட்டும் முதல் கடைக்கே திரும்பிப் போய் ஒரு துண்டு சிவப்புப் பலகை வாங்கினார் அப்பா. வழிகாட்டிய மனிதரிடம் வெறுங்கையோடு போய் நிற்கக் கூடாது என்பது அவர் கணக்கு.

போகிறவர்களுக்குச் சில சொற்கள்

சுங்கை காடுட்டில் பல கடைகள் சனிக்கிழமை அரை நாள்தான், ஞாயிறு விடுமுறை. போகுமுன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். கிராஞ்சி அல்லது இயூ டீ நிலையத்திலிருந்து பேருந்து உண்டு. உள்தெருக்களில் நடைபாதை சில இடங்களில் குறுகலானது, லாரிகள் பின்வாங்கும் இடம் என்பதால் சிறு பிள்ளைகளின் கையை விடாதீர்கள். முடிய காலணி அணியுங்கள்.

முழுப் பலகை டாக்சியில் ஏறாது. உங்களுக்கு வேண்டிய அளவைத் தாளில் எழுதிக்கொண்டு போய், கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். வெட்டுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். வெட்டியதும் கிடைக்கும் புது ஓரங்களைப் பாருங்கள். உள்ளே இருக்கும் ரகசியம் அப்போதுதான் முழுதாகத் தெரியும். துண்டுகள் போட்டு வைத்திருக்கும் தொட்டி இருந்தால் அதையும் கிளறுங்கள். சின்ன வேலைக்கு அதுவே போதும், நான்கு பக்கமும் ஏற்கெனவே வெட்டப்பட்டிருப்பதால் சோதிப்பதும் எளிது.

பிள்ளைகளோடு முதன்முதலாகத் தொடங்குபவர்கள் பிர்ச் வாங்க வேண்டியதில்லை. ஓவியப் பொருள் கடைகளில் A4, A3 அளவில் கிடைக்கும் பாஸ்வுட் ஒட்டுப்பலகை மென்மையானது, கைவாளுக்கும் இணங்கும். பாப்லர் பலகையும் அப்படியே. எம்டிஎஃப் பலகையில் பொத்தல் இருக்காது, ஆனால் தூள் மாவு போலப் பறக்கும், ஈரம் பட்டால் ஊதிவிடும்.

பிர்ச் கெட்டி, அதன் பசையும் கெட்டி. பிளேடு சீக்கிரம் மழுங்கும். 3 மி.மீ. பலகைக்கு 1 அல்லது 2ஆம் எண், 6 மி.மீ. பலகைக்கு 3 முதல் 5 வரை எண் பிளேடு சரியாக இருக்கும். கீழ்நுனியில் சில பற்கள் மேல்நோக்கி இருக்கும் பிளேடு வாங்கினால் பலகையின் அடிப்பக்கம் சிலும்பாது. வெட்டுமுன்பே மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், வெட்டிய பின் தேய்த்தால் மெல்லிய பாகங்கள் முறியும். படத்தின் மேல் ஒட்டுநாடா ஒட்டினால் பிளேடு சூடேறிப் பலகை கருகுவது குறையும். முக்கியமாக, படத்தில் எது மிக ஒல்லியோ அது முகத்தின் நார் ஓடும் திசையிலேயே நிற்கும்படி படத்தை அமையுங்கள். 5 அடுக்கில் 3 அடுக்கு அந்தத் திசையில்தான் ஓடுகின்றன. எங்கள் மயிலுக்குக் கழுத்தும் காலும் நெடுக்கு வாட்டம், எனவே நாரும் நெடுக்கு வாட்டம். இரண்டு கதவையும் ஒரே பலகையிலிருந்து எடுங்கள், நிறமும் ஈரத்துக்கு அசைவதும் ஒன்றுபோல இருக்கும்.

ஆறு வாரம்

வார இறுதிகளில் மட்டும் வெட்டினேன். மேல்வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் காலை பத்து மணிக்கு முன் இயந்திரத்தைத் தொடுவதில்லை, மாலை ஐந்துக்குப் பின் ஓட்டுவதில்லை. அப்பா ஈசூனிலிருந்து பேருந்தில் வருவார். பின்கட்டுக்கு அருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். நான் வெட்டுவதை அவர் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்பார். பிளேடு மழுங்கினால் எனக்கு முன் அவருக்குத் தெரிந்துவிடும்.

“மாத்தும்மா. அழுத்துற நீ,” என்பார்.

நான்காவது வாரம் வலது மயிலின் கழுத்துக்கு வந்தேன். அப்பா நாற்காலியை நெருக்கிப் போட்டார். ஒரு துளையிலிருந்து பிளேடைக் கழற்றி அடுத்த துளையில் மாட்டி, மெல்ல வளைத்து, கொண்டைக்குக் கீழே வந்து முடித்தேன். இயந்திரத்தை நிறுத்தியதும் வீடு அமைதியாகிவிட்டது. அப்பா எழுந்து வந்து கழுத்தை ஆள்காட்டி விரலால் வருடினார். வெட்டிய உள்ளோரத்தில் ஐந்து கோடுகளும் இடைவெளி இல்லாமல் ஓடின.

“இந்த வளைவு என்னோட மயில்ல இல்ல,” என்றார். “எனக்குக் கை வலிச்சுது, நேரா விட்டுட்டேன். நீ நல்லா வளைச்சிருக்க.”

ஆறாவது வாரம் இரண்டு கதவும் சட்டத்தில் ஏறின. 6 மி.மீ. பலகை, கால் அங்குலக் காடியில் ஆடாமல் உட்கார்ந்தது. வெளிர் மயில்கள் சிவப்புச் சட்டத்துக்குள் எடுப்பாகத்தான் தெரிந்தன. தம்பி வந்து பார்த்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இன்னும் பலகை மிச்சம் இருக்காக்கா?” என்று கேட்டான். வாசலுக்கு ஒரு பெயர்ப்பலகை வேண்டுமாம்.

மிச்சம் இருக்கிறது. என் கட்டிலுக்கு அடியில், தட்டையாக, இரண்டு செய்தித்தாள் கட்டுகளின் நடுவே. தம்பிக்கான எழுத்துகளை அப்பா ஏற்கெனவே வரையத் தொடங்கிவிட்டார்.